சிறிய கேபினட்டும் திறந்த சட்டமும்

கடையில் நிற்கும் வழக்கமான டவர் கேபினட் ஒன்றின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து பெருக்கி, வருவதைப் பத்து லட்சத்தால் வகுத்தால் அதன் கொள்ளளவு லிட்டரில் கிடைக்கும். பெரும்பாலும் 40 முதல் 50 வரை வரும். பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் அதில் பாதிக்கு மேல் வெற்றிடம். ஒரு காலத்தில் அங்கே டிவிடி டிரைவும் ஹார்டு டிஸ்குகளும் இருந்தன. இப்போது எம்.2 எஸ்.எஸ்.டி. மதர்போர்டின் மேலேயே படுத்துக்கொள்கிறது.

இந்த வெற்றிடத்தைக் கழித்துவிட நினைப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. கேபினட்டை உள்ளிருக்கும் பொருள்களோடு ஒட்டுமளவுக்குச் சுருக்குவது ஒரு வழி. கேபினட்டே இல்லாமல் ஒரு சட்டத்தில் எல்லாவற்றையும் பூட்டிவிடுவது இன்னொரு வழி. பார்வைக்கு இவை நேரெதிரானவை. கட்டுபவர் தலையில் விழும் பொறுப்பு மட்டும் ஒன்றேதான்: காற்று எங்கிருந்து வரும், எதைத் தொடும், எங்கே வெளியேறும் என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். பெரிய டவரில் ஒரு ஃபேனைத் தலைகீழாகப் பூட்டினாலும் உள்ளே இருக்கும் காற்று கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். பத்து லிட்டரில் தாங்காது. திறந்த சட்டத்திலோ, காற்று நிறைய இருக்கும், ஆனால் தேவையான இடத்துக்குத் தானாக வராது.

மதர்போர்டு அளவிலிருந்து தொடங்கலாம். நாம் இன்றும் பயன்படுத்தும் ஏடிஎக்ஸ் அளவை இன்டெல் 1995-இல் வகுத்தது, 305 மி.மீ. நீளம், 244 மி.மீ. அகலம். 2001-இல் தைவானின் வியா நிறுவனம் மினி-ஐடிஎக்ஸ் என்ற 170 மி.மீ. சதுர போர்டைக் கொண்டுவந்தது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் தன் சிறிய ப்ராசஸர்களுக்காகத்தான் வியா அதைச் செய்தது. ஆனால் ஸ்க்ரூ ஓட்டைகளையும் பின்பக்க இணைப்புகளின் இடத்தையும் ஏடிஎக்ஸோடு பொருந்தும்படி வைத்தது, அந்த ஒரு முடிவுதான் அதன் ஆயுளை நீட்டித்தது. பின்னாளில் முழு வலிமை கொண்ட இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களுக்கும் அதே சதுரத்தில் போர்டுகள் வந்தன. அவற்றுக்கேற்ற கச்சிதமான கேபினட்டைச் செய்யப் பெரிய நிறுவனங்கள் தயங்கியபோது ஆர்வலர்கள் முன்பணம் திரட்டித் தாங்களே செய்தார்கள். 12.6 லிட்டர் என்கேஸ் எம்1, ஜெர்மனியின் டேனியல் ஹான்சன் வடிவமைத்து 2016-இல் கிக்ஸ்டார்டரில் விற்பனைக்கு வந்த 7.2 லிட்டர் டான் ஏ4 ஆகிய இரண்டும் அப்படிப் பிறந்தவை. இரண்டையும் தைவானின் லியான் லி தயாரித்துக் கொடுத்தது. இன்று 20 லிட்டருக்குக் கீழே இருப்பதைச் சிறிய கேபினட் என்று கணக்கில் எடுத்துக்கொள்வது வழக்கம்.

வாட் கணக்கு முதலில்

கேபினட்டின் அழகைப் பார்த்து வாங்கிவிட்டுப் பிறகு உள்ளே என்ன வைப்பது என்று யோசிப்பவர்கள்தான் அதிகம். இதைத் திருப்பிப் போடுங்கள். எத்தனை வாட் வெப்பத்தை வெளியேற்றப் போகிறோம் என்பது முதலில். அதற்கேற்ற கூலர் அடுத்து. கேபினட் கடைசியில்.

ப்ராசஸர் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட்டை அப்படியே நம்ப வேண்டாம். ஏஎம்டி ரைசன் 5 7600-இன் பெட்டி 65 வாட் என்கிறது. முழு வேலையில் அது 88 வாட் வரை எடுத்துக்கொள்ளும். ரைசன் 9 7950எக்ஸ்-க்கு 170 என்று இருக்கும், எடுப்பது 230 வரை. இன்டெல் கோர் ஐ9 13900கே 253 வாட் வரை போகும். கிராஃபிக்ஸ் கார்டுகளில் என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட், 4070 200 வாட், 4090 450 வாட். ஒரு பத்து லிட்டர் கேபினட்டில் 4090-ஐத் திணித்துக் காட்டுபவர்கள் உலகில் இருக்கிறார்கள். அவர்கள் அறையில் ஹீட்டர் ஓடுகிறது. நம் ஊர் அறையில் அதை நான் சொல்லமாட்டேன்.

இங்கே ஒரு எளிய கூட்டல் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். கூலர் செய்வதெல்லாம், ப்ராசஸரின் வெப்பத்தை அறையின் வெப்பத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட இடைவெளிக்குள் நிறுத்துவதுதான். ஒரு விமர்சகர் 22 டிகிரி அறையில் சோதித்து ப்ராசஸர் 78 டிகிரி என்று எழுதினால், இடைவெளி 56. அதே கூலர், அதே ஃபேன் வேகம், மே மாத மதியம் ஏசி இல்லாத 35 டிகிரி அறை என்றால் 91. ரைசன் 7600-இன் உச்ச வரம்பு 95 டிகிரி. 7800எக்ஸ்3டி-க்கு 89 டிகிரிதான். அதைத் தொட்டதும் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால் வெளிநாட்டு விமர்சனத்தைப் படிக்கும்போது முதலில் தேட வேண்டியது அறை வெப்பநிலை. அது குறிப்பிடப்படாத விமர்சனத்தை வைத்துச் சிறிய கேபினட் வாங்காதீர்கள்.

வெப்பத்தைக் குறைக்கப் பணம் செலவழிக்காத வழியும் இருக்கிறது. ப்ராசஸர் இழுக்கும் மின்திறன் அதன் வேகத்தோடும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறுகிறது. கடைசிக் கொஞ்ச வேகத்தைப் பிடிக்க மின்னழுத்தத்தை நிறைய ஏற்ற வேண்டியிருப்பதால், அந்தக் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்தால் வாட் சட்டென்று இறங்கும். ஏஎம்டி போர்டுகளின் பயாஸில் ஈகோ மோட் என்ற அமைப்பு இதற்காகவே இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டிலும் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். விளையாட்டில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது கடினம், ஃபேன் சத்தத்தில் காதுக்கு உடனே தெரியும். சிறிய கணினி கட்டுபவர் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது.

இந்த அத்தியாயத்துக்கு ஒரு மாதிரியாக ரைசன் 5 7600-ஐயும் ஆர்டிஎக்ஸ் 4060-ஐயும் எடுத்துக்கொள்வோம். 88, 115, மற்றவற்றுக்கு ஒரு 50. ஆக 253 வாட். 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். தாராளமாகப் போதும். 600 வாட் வாங்கினால் அதன் ஃபேன் பெரும்பாலான நேரம் மெதுவாகவே சுற்றும் என்ற ஆதாயம் உண்டு. யு.பி.எஸ். வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். மலிவான யு.பி.எஸ்.கள் பேட்டரிக்கு மாறியதும் சுத்தமான சைன் அலை தருவதில்லை. ஆக்டிவ் பிஎஃப்சி என்னும் திறன் காரணித் திருத்தம் கொண்ட எஸ்.எம்.பி.எஸ். சில சமயம் அதை ஏற்காமல் அணைந்துவிடும். இன்று வரும் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.கள் அனேகமாக எல்லாம் அந்த வகைதான்.

விளையாட்டோ வீடியோ எடிட்டிங்கோ இல்லை, எழுத்து வேலையும் கணக்கு வேலையும்தான் என்பவர் கிராஃபிக்ஸ் கார்டையே விட்டுவிடலாம். அஸ்ராக் டெஸ்க்மினி எக்ஸ்300 முழுக் கணினியையும் 1.92 லிட்டரில் அடக்குகிறது. அதில் கிராஃபிக்ஸ் உள்ளடங்கிய 65 வாட் ரைசன் ப்ராசஸரும் லேப்டாப் ரேமும் போகும், 19 வோல்ட் அடாப்டரில் ஓடும். வீட்டுக்கு ஒரு கணினி என்றால் இதைவிடப் பொருத்தமானது குறைவு.

டேப்பை எடுங்கள்

கேபினட்டின் விவரத் தாளில் நான்கு அளவுகள் முக்கியம்: கூலர் உயரம், கார்டின் நீளம், கார்டின் தடிமன், எஸ்.எம்.பி.எஸ். வகை. இவற்றில் ஒரு மில்லிமீட்டரும் விட்டுக்கொடுக்காது. டான் ஏ4-இல் கூலருக்கு உள்ள உயரம் 48 மி.மீ. ரைசன் 7600-உடன் பெட்டியிலேயே வரும் ரேய்த் ஸ்டெல்த் கூலரின் உயரம் 54. இலவசமாகக் கிடைத்தது பயன்படாது. நாக்டுவா என்எச்-எல்9ஏ 37 மி.மீ.; தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47 பெயரிலேயே சொல்வதுபோல 47 மி.மீ. இரண்டாவதுதான் அங்கே எனக்குப் பிடித்தது, பெரிய ஹீட் சிங்க் என்பதால் அதே வெப்பத்தைக் குறைந்த ஃபேன் வேகத்தில் சமாளிக்கும். ஆனால் மீதி இருப்பது ஒரே ஒரு மில்லிமீட்டர். பக்கத் தகடு லேசாக வளைந்திருந்தால் ஃபேன் உரசும். மூடியபின் கையால் தகட்டை மெதுவாக அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

டான் ஏ4 போன்றவற்றில் மதர்போர்டு ஒரு பக்கமும் கிராஃபிக்ஸ் கார்டு அதன் முதுகுக்குப் பின்னால் மறுபக்கமும் நிற்கும். இரண்டையும் இணைப்பது ரைசர் கேபிள். சாண்ட்விச் அமைப்பு என்பார்கள். கார்டு ஒரு பக்கத்திலிருந்து தன் காற்றை இழுக்கிறது, ப்ராசஸர் மறுபக்கத்திலிருந்து. ஒன்றின் சூடு இன்னொன்றின் வாய்க்குள் போவதில்லை. நம் சீதோஷ்ணத்துக்கு இந்த அமைப்பையே சிபாரிசு செய்வேன். ஒரே நிபந்தனை, இரண்டு பக்கமும் மூச்சுவிட இடம் வேண்டும். புத்தக அலமாரிக்குள் செருகி வைத்தால் பிரித்து வைத்ததன் பயன் போய்விடும்.

கார்டின் நீளத்தைப் பார்ப்பவர்கள் அகலத்தை மறந்துவிடுகிறார்கள். எட்டு பின் மின் இணைப்பான் கார்டின் விளிம்பிலிருந்து மேல்நோக்கி நிற்கும். கேபிள் வளைய இன்னும் மூன்று நான்கு சென்டிமீட்டர் தேவை. புதிய 12விஎச்பிடபிள்யூஆர் இணைப்பானில் இது வெறும் இட நெருக்கடி அல்ல. இணைப்பானை ஒட்டியே கேபிளை மடித்தால் உள்ளே பின்கள் சரியாகப் பதியாமல் சூடேறி உருகிய நிகழ்வுகள் உண்டு. முதல் 35 மி.மீ. வரை கேபிள் நேராக இருக்கட்டும். 4060-இல் பல மாடல்களுக்கு ஒரே ஒரு எட்டு பின்தான். ஒற்றை ஃபேனோடு ஏறத்தாழ 17 செ.மீ. நீளத்தில் வரும் மாடல்களும் இருக்கின்றன.

எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில், ஏடிஎக்ஸ் வகை 150 மி.மீ. அகலமும் 86 மி.மீ. உயரமும் கொண்டது. எஸ்எஃப்எக்ஸ் 125 அகலம், 63.5 உயரம், 100 நீளம். எஸ்எஃப்எக்ஸ்-எல் நீளத்தில் மட்டும் 130. சிறிய கேபினட்டுகள் கேட்பது எஸ்எஃப்எக்ஸ். இதோடு வரும் கேபிள்கள் நீளமாக இருந்தால் சுருட்டி வைக்க இடமிருக்காது. அப்போது வேறு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் குட்டைக் கேபிளைக் கொண்டுவந்து செருகத் தோன்றும். செய்யாதீர்கள். மதர்போர்டு பக்கம் எல்லாக் கேபிளும் ஒரே மாதிரி இருந்தாலும், எஸ்.எம்.பி.எஸ். பக்கத்தில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பதற்குப் பொதுவான விதி கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு வரிசைகளுக்குள்ளேயே மாறும். செருகினால் அழகாக உட்காரும். சுவிட்சைப் போட்டதும் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் எஸ்.எஸ்.டி. போய்விடும். மாற்றுக் கேபிள் வேண்டுமானால் உங்கள் மாடலின் பெயரைச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

மினி-ஐடிஎக்ஸ் போர்டில் ரேம் இடம் இரண்டுதான். எட்டு ஜிபி ஒன்றைப் போட்டுப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே உதவாது. முதலிலேயே இரண்டு 16 ஜிபி வாங்கிவிடுங்கள், உயரம் குறைந்த ரேமாகப் பார்த்து.

சென்னை ரிச்சி தெருவில்கூட எல்லா நாளும் மினி-ஐடிஎக்ஸ் போர்டும் எஸ்எஃப்எக்ஸ் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் கடையில் இருக்கும் என்று சொல்ல முடியாது, விலையும் கூடுதல். பணம் இடித்தால் 244 மி.மீ. சதுர மைக்ரோ-ஏடிஎக்ஸ் போர்டையும் அதற்கான சிறிய கேபினட்டையும் எடுங்கள். கணினி கொஞ்சம் பெரிதாகும், ஆனால் மிச்சமாகும் பணம் ஒரு படி மேலான கார்டுக்கு ஆகும்.

பூட்டும் வரிசை

பெரிய டவரில் போர்டை உள்ளே பூட்டிவிட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்ப்போம். சிறிய கேபினட்டில் கை நுழையாது. ப்ராசஸர், ரேம், எம்.2, கூலர் நான்கையும் வெளியிலேயே போர்டில் பூட்டிவிடுங்கள். பின்பக்கம் எம்.2 இடம் இருந்தால் அதை இப்போதே நிரப்புங்கள், பிறகு எட்டாது. போர்டை அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, எஸ்.எம்.பி.எஸ். கேபிள்களைச் செருகி, பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்களைத் திருப்புளியின் முனையால் ஒரு நொடி தொட்டு எடுங்கள். ஃபேன் சுற்றி, திரையில் பயாஸ் வந்தால் உதிரிகள் நல்லவை. புதிய டிடிஆர்5 ரேமோடு முதல் முறை திரை வரச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். பதறி அணைக்காதீர்கள்.

கேபினட்டுக்குள் போர்டை இறக்கியதும், கார்டைப் போடுவதற்கு முன்பே எல்லாக் கேபிளையும் முடித்துவிட வேண்டும். ரைசர் கேபிளை மடிப்பு விழாமல் வளையுங்கள். கேபிள் எந்த பிசிஐஇ தலைமுறைக்கானது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிசிஐஇ 3-இல் ஒரு லேனுக்கு நொடிக்கு 8 கிகா பரிமாற்றம், 4-இல் 16, 5-இல் 32. கேபிள் 3-க்கானது, கார்டும் போர்டும் 4-இல் பேச முயன்றால் திரை வராது, அல்லது விளையாட்டின் நடுவே கணினி அணைந்து எழும். பயாஸில் அந்த ஸ்லாட்டை ஜென் 3 என்று கையால் அமைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்த அமைப்பைக் கார்டு இல்லாமல், ப்ராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸை வைத்துச் செய்துவிட்டுப் பிறகு கார்டைச் செருகுவது எளிது.

ரைசரை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு என்இசட்எக்ஸ்டி எச்1 கேபினட்டின் கதை போதும். 2020-இல் வந்த அந்தக் கேபினட்டில் ரைசரைத் தகட்டோடு பிடித்திருந்த இரண்டு ஸ்க்ரூக்கள், ரைசர் போர்டின் மின்தடத்தில் பட்டு ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் அபாயம் இருந்தது. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 32,000 கேபினட்டுகளைத் திரும்பப் பெற அறிவித்தார்கள். ஒரு ஸ்க்ரூ எதைத் தொடுகிறது என்பதை நீங்களே கட்டும் கணினியில் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கூடு இல்லாமல்

திறந்த சட்டம் புதிதல்ல. ஆன்டெக் நிறுவனம் 2008-இலேயே ஸ்கெலிட்டன் என்ற பெயரில் ஒன்றை விற்றது. பின்னர் இன்வின் நிறுவனம் வளைத்த அலுமினியக் குழாயில் டி-ஃப்ரேம் செய்தது. சுவரில் மாட்ட தெர்மல்டேக் கோர் பி3, பி5 உண்டு. இப்படி ஆயத்தமானவற்றை வாங்கலாம். ஆனால் திறந்த சட்டத்தின் உண்மையான மகிழ்ச்சி நாமே செய்வதில் இருக்கிறது. தகரமோ, பிளைவுட்டோ, 20 மி.மீ. அலுமினிய எக்ஸ்ட்ரூஷனோ போதும். அம்பத்தூர், கோயம்புத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு லேசர் கட்டிங் பட்டறை தூரமில்லை.

மினி-ஐடிஎக்ஸ் போர்டுக்கு ஓட்டை நான்கு. அவை ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகள் என்று நினைத்து அளவெடுத்துத் துளைபோட்டால் தட்டு வீணாகும். பின்பக்க இணைப்புகளை ஒட்டிய ஓட்டைகளில் ஒன்று ஏறத்தாழ 23 மி.மீ. உள்ளே தள்ளி இருக்கும். ஏடிஎக்ஸ் போர்டின் ஓட்டை வரிசையிலிருந்து வந்த மிச்சம் அது. கூலர் பூட்டாத வெறும் போர்டை ஒரு தடித்த தாளின் மேல் வைத்து, நான்கு ஓட்டைகளையும் கூர்மையான பென்சிலால் குறித்து, அந்தத் தாளையே தட்டில் ஒட்டி சென்டர் பஞ்சால் அடித்துத் துளையிடுங்கள். எந்த அளவுத் தாளையும்விட இது துல்லியம்.

போர்டுக்கும் தட்டுக்கும் நடுவே நிற்கும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் 6 மி.மீ. உயரமாவது இருக்க வேண்டும். நான் 12 மி.மீ. வைக்கவே சொல்வேன். கூலரின் பின்தகட்டுக்கு இடம் கிடைக்கும், போர்டின் அடியில் இருக்கும் எம்.2-க்குக் காற்றும் போகும். உயரத்தைக் கூட்டினால் கார்டும் அவ்வளவு மேலே ஏறும் என்பதால், கார்டைப் பிடிக்கும் கோணத் தகட்டின் உயரத்தையும் அதற்குச் சமமாக மாற்ற வேண்டும். கார்டின் பின் தகட்டுக்கு ஒரு வால் உண்டு, அது போர்டின் மட்டத்துக்குக் கீழே இறங்கும். தட்டின் ஓரத்தில் அதற்கொரு வெட்டு விடுங்கள். இரண்டு ஸ்லாட் அகலக் கார்டுக்கு ஸ்க்ரூக்களின் இடைவெளி 20.32 மி.மீ. கார்டை ஸ்லாட்டின் பிடியில் மட்டும் நிறுத்தவே கூடாது. பெரிய கார்டுகள் இரண்டு கிலோ வரை கனக்கும்; தூக்கும்போது ஸ்லாட்டே பிய்ந்து வந்துவிடும்.

ஸ்க்ரூவில் இரண்டு மரை உண்டு, எம்3 ஒன்று, 6-32 இன்னொன்று. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் போவது 6-32. தடிமன் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரிந்தாலும் மரை வேறு. விரலால் சுழற்றும்போதே சீராக இறங்காத ஸ்க்ரூவைத் திருப்புளி போட்டு இறுக்க வேண்டாம்.

பவர் சுவிட்ச் தனியாக வாங்க வேண்டும். காலிங் பெல் சுவிட்ச் போல, அழுத்திவிட்டதும் திரும்பி வரும் வகையாக இருக்கட்டும். அழுத்தினால் அப்படியே நின்றுவிடும் வகையை மாட்டினால் கணினி எழுந்து நான்கு நொடியில் அணைந்துவிடும். பவர் பட்டனை நான்கு நொடி பிடித்திருந்தால் வலுக்கட்டாயமாக அணைய வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. கோளாறு என்று எண்ணி போர்டை மாற்றியவர்கள் உண்டு.

காற்று விஷயத்தில் திறந்த சட்டம் ஒரு நம்பிக்கையைத் தரும், அதில் பாதிதான் உண்மை. கிராஃபிக்ஸ் கார்டும் ப்ராசஸரும் தங்கள் ஃபேனால் அறைக் காற்றை நேரடியாக இழுப்பதால் நன்றாகவே இருக்கும். ஆனால் போர்டில் ப்ராசஸருக்கு மின்சாரம் பதப்படுத்தும் விஆர்எம் பகுதிக்கும் எம்.2-க்கும் சொந்த ஃபேன் கிடையாது. கேபினட்டில் போகிற போக்கில் அவற்றைத் தொடும் காற்று இங்கே இல்லை. தண்ணீர்க் கூலர் மாட்டினால் இன்னும் மோசம், ப்ராசஸரைச் சுற்றிக் காற்றே அசையாது. கீழ்நோக்கி ஊதும் கூலரை எடுங்கள், அது போர்டையும் குளிர்விக்கும். அல்லது 120 மி.மீ. ஃபேன் ஒன்றை மெதுவாகச் சுற்றவிட்டு போர்டின் குறுக்கே திருப்பி வையுங்கள்.

எர்த்

திறந்த சட்டத்தில் இரும்பைத் தொடும்போது விரலில் சுருக்கென்று ஊர்வதுபோல இருந்தால், டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிந்தால், எஸ்.எம்.பி.எஸ். கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளே, மின் இரைச்சலை வடிகட்ட, லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடல் தகட்டுக்குச் சிறிய கெபாசிட்டர்கள் போகின்றன. எர்த் சரியாக இருந்தால் அதில் வரும் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் உடல் தகடு 230 வோல்ட்டின் பாதியளவில் மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு, அதனால் உயிருக்கு ஆபத்து வருவதில்லை. ஆனால் அந்த நிலையில் டிவியின் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் ஒரு பொறி பறந்து போர்ட் போகலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் வேறு பழுது வந்தாலோ, காப்பாற்ற வேண்டிய எர்த்தே அங்கே இல்லை.

மூன்று பின் பிளக் இருப்பதால் எர்த் இருப்பதாக அர்த்தமில்லை. பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். இரும்புச் சட்டத்தைப் பவுடர் கோட்டிங் செய்திருந்தால் பெயின்ட் மின்சாரத்தைத் தடுக்கும், சட்டம் எர்த்தோடு சேராமல் தனியே நிற்கும். எஸ்.எம்.பி.எஸ். ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுப் பூட்டுங்கள். பிளைவுட் சட்டத்தில் இந்தச் சிக்கல் இல்லை. எஸ்.எம்.பி.எஸ். உடல் பிளக் வழியாகவும், போர்டு அதன் கேபிள் வழியாகவும் எர்த்தோடு சேர்ந்திருக்கும்.

எல்லாம் திறந்திருக்கும் சட்டத்திலும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கூட்டை மட்டும் திறக்கவே வேண்டாம். உள்ளே 325 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் தேங்கும் கெபாசிட்டர் இருக்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சில காலம் பிடித்துவைத்திருக்கும்.

தூசி, பல்லி, உப்புக் காற்று

கணினியை அணைத்த பிறகும் போர்டில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை இருக்கும். இரவில் வெதுவெதுப்பான இடம் தேடும் பல்லிக்கு அது பிடித்த இடம். இரண்டு பின்களின் மேல் அது ஏறினால் போர்டுக்கும் அதற்கும் நல்லதல்ல. படுக்கும் முன் சுவரில் சுவிட்சை அணைத்துவிடுங்கள். போர்டின் அடிப்பக்கம் திறந்திருக்கும் எக்ஸ்ட்ரூஷன் சட்டம் என்றால், கீழே 3 மி.மீ. அக்ரிலிக் தகடு ஒன்றைப் பூட்டிவிடுங்கள். எறும்புக்கும் அதுவே பதில். தவழும் குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் திறந்த சட்டத்தைத் தரைமட்டத்தில் வைக்காமல் சுவரில் மாட்டுங்கள். அதுவும் முடியாது என்றால் சிறிய கேபினட்தான் உங்களுக்கானது.

கடற்கரை ஊர்களில் தூசியோடு உப்பும் சேரும். ஈரம் இழுக்கும் அந்தத் தூசி இணைப்பான்களில் படிந்து பச்சை பிடிக்கும். பயன்படுத்தாத ரேம், பிசிஐஇ ஸ்லாட்டுகளுக்கு மூடி போட்டுவையுங்கள். மாதம் ஒரு முறை புளோயர் காட்டும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் ஊதினால் ஃபேன் தன் வேகத்துக்கு மேல் சுற்றி பேரிங் தேயும்.

வைஃபை உள்ள போர்டில் ஆன்டெனாவை மாட்டாமல் விடாதீர்கள். வயர்லெஸ் மவுஸ் திக்கினால், அதன் ரிசீவரை யுஎஸ்பி 3 போர்ட்டிலிருந்து எடுத்து யுஎஸ்பி 2-இல் செருகிப் பாருங்கள். யுஎஸ்பி 3 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுப்பும், தகட்டுக் கூடு இல்லாத இடத்தில் அது இன்னும் தாராளமாகப் பரவும்.

மே மாதச் சோதனை

கட்டி முடித்ததும் இரவில், ஏசி ஓட, பத்து நிமிடம் சோதித்துவிட்டு நிம்மதியாகிவிடுவது பலர் வழக்கம். நீங்கள் மதியத்தில், ஏசி இல்லாமல், கதவு மூடி, அரை மணி நேரம் ஓட்டுங்கள். ப்ராசஸருக்கு சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளைத் திரும்பத் திரும்ப ஓடவிடலாம், கார்டுக்கு நீங்கள் விளையாடும் விளையாட்டே போதும். வெப்பத்தைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்துவைத்து ப்ராசஸர், கார்டு, எம்.2 மூன்றின் உச்ச வெப்பத்தையும் எழுதுங்கள். அறையில் ஒரு சாதாரண வெப்பமானியை, கணினியின் சூடு படாத தூரத்தில் வைத்து அதையும் எழுதுங்கள். ப்ராசஸர் 84, அறை 34 என்றால் உங்கள் இடைவெளி 50. இனி எந்த மாதத்திலும் அறை வெப்பத்தோடு 50-ஐக் கூட்டினால் ப்ராசஸர் எங்கே நிற்கும் என்று தெரிந்துவிடும்.

சிறிய கேபினட்டில் இதே சோதனையைப் பக்கத் தகட்டைக் கழற்றி இன்னொரு முறை செய்யுங்கள். இரண்டுக்கும் ஐந்து டிகிரிக்குள் வித்தியாசம் என்றால் உங்கள் காற்று வழி சரியாக இருக்கிறது. பத்துக்கு மேல் என்றால் சூடான காற்று உள்ளேயே சுழல்கிறது. ஒரு ஃபேனின் திசையைத் திருப்பிப் பாருங்கள், கூலருக்கும் தகட்டின் துளைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபோம் பட்டையால் அடைத்துக் கூலர் வெளிக்காற்றை மட்டும் இழுக்கும்படி செய்யுங்கள், அதற்கும் மசியாவிட்டால் வாட்டை இறக்குங்கள்.

எழுதிய எண்களை ஒரு சீட்டில் சட்டத்தின் அடியில் ஒட்டிவையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே சோதனையில் இடைவெளி ஐந்து டிகிரி கூடியிருந்தால் முதலில் தூசியைப் பாருங்கள், அடுத்து கூலரின் ஸ்க்ரூக்களை. இரண்டும் சரியாக இருந்தும் எண் இறங்கவில்லை என்றால் தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும்.